மர ஸ்கேல் சார்

அரையாண்டுத் தேர்வில் இயற்பியலில் பெயிலாகிவிட்டேன். முழுத்தேர்விலும் பெயிலானால் பூத்தோட்ட வேலைக்கே வந்துவிட வேண்டும் என்றார் பள்ளிக்கூடமே போகாத அப்பா. டியூஷன் சார் தேடி இருவரும் பேகம்பூருக்குப் போனோம்.

சார் ஒல்லியானவர். வீட்டுக்குள்ளும் ரப்பர் செருப்பு. மரப்பலகை மேல் ஏறி நின்று, மர ஸ்கேலை நீட்டி ஃபேன் சுவிட்சைத் தட்டினார்.

அப்பா சிரித்துவிட்டார். “சுவிச்சுக்கே இம்புட்டு பயமா? தோட்டத்துல நான் மோட்டாரே போடுறேன். கரண்ட் பாடம் எப்படி சார் நடத்துவீக?”

“அது என்ன செய்யும்னு எனக்குத் தெரியும்ணே. நீங்க மோட்டார எப்படிப் போடுவீக?”

அன்று காலையிலும் ஈரக்கையோடுதான் போட்டிருந்தார் அப்பா. கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். பிறகு, “நாளையிலிருந்து பையன் வருவான் சார்” என்றார்.

நான் பாஸாகிவிட்டேன். கரண்ட் போன நேரத்திலும் சார் ஏன் பலகை மேல் ஏறியே சுவிட்சைத் தட்டுவார் என்பது மட்டும் இன்னும் விளங்கவில்லை. வாங்கிப்போன என் மர ஸ்கேலை அப்பா திருப்பித் தரவே இல்லை. மோட்டார் போட வேண்டுமாம்.