நீர் வைக்காத பெட்டி

துறைமுகத்தில் மீன் அடுக்குவார்களே, அந்த மாதிரி வெள்ளைத் தெர்மாகோல் பெட்டி அது. ஒரு பக்கம் அறுத்துக் கண்ணாடி பதித்திருந்தது. உள்ளே நாற்பது வாட் பல்பு, சின்ன விசிறி, ஒரு வெப்பமானி. சூடு முப்பத்தேழரை டிகிரியைத் தாண்டினால் பல்பு தானாக அணையும், இறங்கினால் எரியும். கடலூர் முதுநகரில் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டின் கூடத்து மூலையில் அது இப்படி எரிந்தும் அணைந்தும் கிடக்க, வீட்டுக்குள் இன்னொருவர் மூச்சு விடுவது போல இருக்கும். எனக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. அந்தப் பெட்டிக்கு அதைத் தவிர வேறொன்றும் தெரியாது.

பெட்டி மச்சானுடையது. மனைவியின் தம்பி, ஸ்ரீமுஷ்ணத்தில் அவர்கள் பிறந்த வீட்டிலேயே இருப்பவன். நாட்டுக்கோழிக் குஞ்சு பொரித்து விற்கலாமென்று ஆசையாக வாங்கியவன், பிரித்துக்கூடப் பார்க்காமல் அக்கா வீட்டில் இறக்கிவிட்டுப் போனான். மனைவி அப்போதுதான் பள்ளிக்கூட வேலையை விட்டிருந்தாள். "யாரும் மணி அடிக்காம நானா ஒரு வேலை செய்யணும். இதுதான் அந்த வேலை" என்றாள். சிரிக்காமல் சொன்னாள்.

பெட்டி விற்ற நாமக்கல்காரர் போனில் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். "தண்ணி மட்டும் வத்தவே கூடாதும்மா. கிண்ணம் எப்பவும் ரொம்பி இருக்கணும்." அப்படியே செய்தாள். ஒவ்வொரு முட்டையிலும் ஒரு பக்கம் பெருக்கல் குறி, மறுபக்கம் வட்டம், பென்சிலால். காலை, மதியம், இரவு குறி பார்த்துத் திருப்பிவிடுவாள். டார்ச் அடித்துப் பார்த்தால் சிவப்பு நரம்புகள் முட்டைக்குள் கிளைகிளையாகப் பிரிந்து ஓடும். நடுவில் ஒரு புள்ளி துடிக்கும். நான் ஒரு தரம் பார்த்துவிட்டு வெளியே நடக்கப் போய்விட்டேன்.

நாள் வந்தது, போனது. ஒரு முட்டையும் விரியவில்லை. உடைத்துப் பார்த்தபோது குஞ்சுகள் முழுசாக இருந்தன. அலகு, நகம், ஈர மயிர் எல்லாம் இருந்தது. கிணற்றில் விழுந்ததுபோல ஊறியிருந்தன. முருங்கை மரத்தடியில் குழி தோண்டிப் புதைத்தாள்.

மச்சான் போனில் பேசினான். "அக்கா, இன்னொரு தரம் வெச்சிப் பாரு. அதுவும் ஊத்திக்கிச்சின்னா பொட்டிய எடுத்தாந்துடுவேன். இங்க வேணும்னு ஆள் கேக்கறாங்க."

அவள் அன்று சாயங்காலம் சமையல்கட்டில் உப்பு ஜாடியைக் கவிழ்த்துத் தட்டிக்கொண்டிருந்தாள். உப்பு விழவில்லை.

"இந்த ஊர்ல உப்பே தண்ணியா நிக்குது. காலையில சுட்ட முறுக்கு சாயந்தரம் நமுத்துப் போவுது. இதுல நான் வேற கிண்ணம் கிண்ணமா ஊத்தியிருக்கேன்."

"நாமக்கல்காரர் பொய்யா சொல்லுவாரு?"

"அவருக்கு அந்த ஊருக் காத்து. எனக்கு இந்த ஊருக் காத்து."

முட்டை நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாக உலர வேண்டும். உலர உலரத்தான் அகன்ற முனையில் காற்று சேரும். குஞ்சு முதல் மூச்சை அங்கேதான் எடுக்கிறது. எங்கள் முட்டைகளில் அந்த இடம் நகம் அளவுக்குத்தான் இருந்ததை டார்ச் வெளிச்சத்தில் பார்த்தது அவளுக்கு நினைவிருந்தது. மூச்சு விட இடமில்லாமல் தண்ணீரிலேயே முடிந்துபோயிருக்கின்றன.

மறுமுறை ஒரு சொட்டுத் தண்ணீர் வைக்கவில்லை. பனிக்காலம். சுவரெல்லாம் வியர்த்த ஊருக்குள் அந்தப் பெட்டி மட்டும் காய்ந்து கிடந்தது. மின்வெட்டு அப்போது தினப்படி. கரண்ட் போனதும் இரண்டு பாட்டிலில் வெந்நீர் அடைத்து, துண்டு சுற்றி உள்ளே வைத்துப் பெட்டியின் மேல் போர்வை போடுவாள். பிள்ளைக்கு ஜுரம் வந்த வீடு மாதிரி இருக்கும். நான் அண்ணாமலை நகரில் வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்தேன். பஸ்ஸில் உட்கார்ந்தபடி, இந்நேரம் அங்கே கரண்ட் இருக்குமா என்று யோசிப்பேன். அதற்கு மேல் என் பங்கு ஒன்றுமில்லை.

குஞ்சு பொரிக்கும் அன்று மச்சான் வந்திருந்தான். ஓட்டில் நட்சத்திரம் போல விரிசல் விட்டிருந்தது. உள்ளிருந்து சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டுப் பெண்கள் இருவர், பிறந்த குழந்தையைப் பார்க்க வருவது போல, சர்க்கரையோடு வந்து நின்றார்கள். மனைவி அம்மிக் குழவியைத் தூக்கி மூடியின் மேல் வைத்துவிட்டாள்.

"என்னக்கா, என் பொட்டிய நான் தொறக்கக் கூடாதா?"

"பொட்டி உன்னுது. உள்ள கத்தறது என்னுது. தொறந்தா குஞ்சோட ஈரமும் சூடும் போயிடும், கண்ணாடியில பாரு."

"மாமா, இதைக் கேளுங்க. பொறந்த வீட்டு ஆளுக்கே இந்த மரியாத."

"நானே கிட்டப் போவல மச்சான்," என்றேன். "நீ தைரியமா அக்காவ எதிர்த்துக்க."

பக்கத்து வீட்டுப் பெண்களில் ஒருத்தி, "கூட்டுக்குள்ள இருக்கறதுக்கு இவ்ளோ காவலா, எனக்குப் பிரசவத்துல ஒரு நர்ஸ் கூட இல்ல" என்று சிரித்தாள்.

ஓடு மெல்ல இரண்டாகப் பிளந்தது. வெளியே வந்தது குஞ்சு மாதிரியே இல்லை. ஈரமான, எலும்பான ஏதோ ஒன்று புரண்டு, அடுத்த முட்டையின் மேல் தலையைச் சாய்த்துத் தூங்கியது. மயிர் காய்ந்து பொசுபொசுவென்று ஆனபிறகுதான் அவள் மூடியைத் திறந்தாள். அட்டைப் பெட்டியில் இன்னொரு பல்பின் கீழே விட்டாள். முதலில் செய்தித்தாள் விரித்திருந்தாள். கால் வழுக்கி ஒரு குஞ்சு இரண்டு பக்கமும் காலைப் பரப்பிக்கொண்டு எழ முடியாமல் கிடந்தது. தாளை எடுத்துவிட்டுச் சாக்கு விரித்தாள். அதன் கால்களைச் சேர்த்து, நடுவில் இடம் விட்டுக் கம்பளி நூலால் கட்டினாள். ஒவ்வொன்றின் அலகையும் தண்ணீரில் தொட்டு எடுத்து, நொய் தூவினாள். முட்டைகளில் பாதிக்கு மேல் பொரித்திருந்தன.

மச்சானுக்கு வாயெல்லாம் பல். "அப்ப மிஷின் நல்லாத்தான் இருக்குக்கா. நான்தான் தப்பா நெனச்சிட்டேன். ஊருக்கு எடுத்துட்டுப் போறேன்."

தோற்றால் பெட்டி போகும் என்றுதான் பேச்சு. ஜெயித்தாலும் போகும் என்று எங்கள் இருவருக்கும் தோன்றவேயில்லை. அவள் டீ போட உள்ளே போனாள்.

"நீ வெச்ச மாதிரியே வெக்கிறேன். தண்ணி ஒரு சொட்டு கெடயாது. சரியா?" கூடத்திலிருந்து கத்தினான்.

"இங்க நான் வெக்கல," என்று பதில் வந்தது.

கத்திரி வெயில் பாதி போன சமயம், மச்சான் என்னைச் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டுக்கு வரச் சொன்னான். பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றான். முகம் வாடியிருந்தது.

"குஞ்சு ஓட்டையப் போட்டுது மாமா. அதோட நின்னுடுச்சி. உள்தோலு காஞ்சி அப்பளமா மேல ஒட்டிக்கிச்சி. திரும்ப முடியல. ஒரு பகல் பூரா உள்ள கத்திக்கிட்டே இருந்துச்சி. பிச்சி எடுத்தா ரத்தம் வருது. அக்காவுக்கு இருக்கற கைராசி எனக்கில்ல. அவளே வெச்சிக்கட்டும்."

கடலூர் பஸ்ஸில் கண்டக்டர் பெட்டியைப் பார்த்து, "மீனா? பின்னாடி போ" என்றார். காலிப் பெட்டி என்றதும், "அப்ப மடியில வெச்சிக்க" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அவள் உள்ளே துடைத்தாள், பல்பைப் போட்டாள், முட்டைகளில் பென்சில் குறி போட ஆரம்பித்தாள். மச்சான் சொன்ன கைராசியைச் சொன்னேன். கேட்டுக்கொண்டாள்.

"உங்க ஊர்ல காலையில துவைச்ச பொடவை, பிழிஞ்சி நிமிர்றதுக்குள்ள காயும்னு நீதானே சொல்லுவ. அங்க தண்ணி வெக்கணும்னு உனக்குத் தெரியும்," என்றேன்.

"அவன் கேக்கலையே."

"கேட்டான். சமையக்கட்டுல நின்னு பதில் சொன்ன."

பென்சில் நின்றது. கையிலிருந்த முட்டையில் பெருக்கல் குறி பாதியாக இருந்தது.

"உள்ள கத்துச்சாமா?" என்றாள்.

"அதெல்லாம் ஒண்ணும் சொல்லல," என்றேன்.