இரைச்சல் பிடிக்கிற வெர்லின்

மேற்கு வெர்ஜீனியா மலையிடுக்கில் இருக்கும் ரேடியோ தொலைநோக்கியைச் சுற்றிக் குடியிருந்தவர்களில் வெர்லின் ஷிஃப்லெட்டை யாருக்கும் பிடிக்காது. அவனுக்கும் யாரையும் பிடிக்காது. வானத்திலிருந்து வரும் ரேடியோ அலைகளைக் கெடுக்கும் இரைச்சல் எந்த வீட்டிலிருந்து கிளம்புகிறது என்று மோப்பம் பிடிப்பதுதான் இருபது வருடமாக அவன் வேலை. டீசல் வண்டியின் கூரையில் ஆன்டெனா, கையில் இன்னொன்று. மைக்ரோவேவ் அடுப்பு, வைஃபை பெட்டி, எதுவானாலும் கதவைத் தட்டி, சட்டத்தைக் காட்டி அணைக்கச் சொல்வான். சொல்கிற விதத்திலேயே எரிச்சல் வரும்.

ஜனவரியில் தொலைநோக்கியின் பதிவில் ஒரு கரகரப்பு வந்தது. வெர்லின் ஆன்டெனாவைக்கூட எடுக்கவில்லை. நேராக ஹோபர்ட் டீக்கின் பண்ணைக்குப் போனான். மின்வேலியில் புல் பட்டால் பொறி பறக்கும், அந்தப் பொறி ரேடியோவில் கரகரக்கும், அதுவும் ஹோபர்ட் வேலி எப்போதும் புதர் மண்டித்தான் கிடக்கும்.

"வேலிய அணை."

"பனியில ஏதுடா புல்லு? அளந்து பாத்தியா?"

"பாக்கணும்னு இல்ல. உன்னைப் பத்தித் தெரியாதா?"

ஹோபர்ட் கெட்ட வார்த்தை ஒன்றைச் சொல்லிவிட்டு அணைத்தான். மறுநாள் காலை அவனுடைய சினைப்பசு வேலியைத் தாண்டிச் சாலைக்குப் போய், மரம் ஏற்றிய லாரியில் அடிபட்டுச் செத்தது. வயிற்றில் எட்டு மாதக் கன்று.

கரகரப்பு நிற்கவில்லை. அப்புறம்தான் வெர்லின் ஆன்டெனாவைத் தூக்கினான். அது சுற்றிச் சுற்றி அவனை அவன் வீட்டு வாசலுக்கே கூட்டி வந்தது. தண்ணீர்க் குழாய் உறையாமலிருக்கச் சுற்றியிருந்த மின்சாரச் சூட்டு நாடாவின் தானியங்கி சுவிட்ச் கருகிப் பொறி விட்டுக்கொண்டிருந்தது. இருபது வருடத்தில் அவன் சோதித்துப் பார்க்காத ஒரே வீடு அது.

மறைத்துவிடலாம், யாருக்கும் தெரியாது. ஆனாலும் ஹோபர்ட்டிடம் போய்ச் சொன்னான். அதற்காக அவனைப் பாராட்டலாம், நான் பாராட்டமாட்டேன். பசு செத்த பிறகு உண்மை பேச யாராலும் முடியும்.

ஹோபர்ட் கேட்டுக்கொண்டான். "சொல்லிட்டேல்ல? கெளம்பு" என்று கதவைச் சாத்தினான். இரண்டே நாளில் ஊர் முழுக்கப் பரவியது. தீவனக் கடையில் வெர்லின் நுழைந்தாலே, "வாய்யா, உன் வீட்டுக் குழாய் சௌக்கியமா?" என்று கேட்டார்கள்.

மே மாதம் மறுபடி கரகரப்பு. இந்தத் தடவை மூன்று இடத்தில் நின்று அளந்தான், நான்காவதாகவும் அளந்தான். சந்தேகமே இல்லை, ஹோபர்ட்டின் வேலிதான். புல் முழங்கால் உயரம் வளர்ந்து கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்தது. தொலைநோக்கிக்காரர்கள் அவசரப்படுத்தினார்கள்.

ஹோபர்ட் பண்ணை வாசற்கதவருகே நின்றான். திறக்கவில்லை.

"உன் வீட்டைப் பாத்துட்டியா?"

"பாத்துட்டேன். இது உன் வேலிதான், ஹோபர்ட். இந்தா, எழுதி வச்சிருக்கேன்."

ஹோபர்ட் தாளை வாங்கவில்லை.

"போய் இன்னொரு தடவை பாத்துட்டு வா."

வெர்லினுக்கு வாய்வரை கோபம் வந்தது. சட்டம் அவன் பக்கம், அளவும் அவன் பக்கம். ஆனாலும் வண்டியைத் திருப்பிக்கொண்டு, தன் வீட்டைச் சோதிக்கப் போனான்.