பெரிய பிள்ளை எதுக்கு?

மலேசியாவின் புக்கிட் மெர்தாஜாமில் ஓர் அநாதை இல்லத்தில் வளரும் பத்து வயதுச் செல்வியைத் தத்தெடுத்துச் சென்னைக்கு அழைத்துப் போக வந்திருக்கிறோம். ஜார்ஜ் டவுன் சமூக நல அலுவலகத்தில் தட்டச்சுப் பொறி ஓயாமல் தட்டுகிறது. எங்கள் கோப்பு மட்டும் நகரவில்லை.

தமிழ் அதிகாரி செல்வியை ஏற இறங்கப் பார்க்கிறார்.

“கைக்குழந்தைன்னா சரி. இவ்வளவு பெரிய பிள்ளை எதுக்கு அண்ணே? வீட்டு வேலைக்கா?”

எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. “மகளா வளர்க்க!”

“எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க லா. வேலைக்காரியா வச்சுக்க மாட்டோம்னு வக்கீல்கிட்ட எழுதி வாங்கிட்டு வாங்க.”

கோப்பை மூடியவர், செல்வியிடம் சில்லறையை நீட்டுகிறார்.

“தங்கச்சி, கீழ கடையில எனக்கு ஒரு தேத்தண்ணி வாங்கிட்டு வா.”

செல்வி உடனே எழுகிறாள். என் மனைவி அவள் கையைப் பிடித்து உட்கார வைக்கிறாள்.

“என் மக போகமாட்டா. நீங்களே போய்க் குடிச்சிட்டு வாங்க.”