ஐந்தாம் பாகத்தின் கடைசி நாற்பது பக்கங்கள்

போன மாதம் ஒரு வியாழக்கிழமை, காலை பதினொரு மணிக்கு, உப்பு ஏற்றிக்கொண்டிருந்த இடத்துக்கே செய்தி வந்தது. எங்கள் கப்பல் ஏஜென்டு ஆபீஸ் வாட்ச்மேன் சைக்கிளை விட்டு இறங்காமல் ஒரு காலை ஊன்றிக்கொண்டு, "சவரி அண்ணாச்சி போயிட்டாவ" என்றார். நான் மூட்டை எண்ணிக்கொண்டிருந்தேன். எத்தனையில் நின்றேன் என்பது மறந்துவிட்டது. தலையில் மூட்டையோடு ஆட்கள் என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எனக்கு எண்ணிக்கை தவறியது அன்று ஒருநாள்தான்.

சவரிமுத்து அண்ணாச்சியோடு துறைமுகத்தில் வேலை பார்த்த உங்களுக்கெல்லாம் அவரைச் சரக்கு எண்ணிக் குறிக்கும் டாலி கிளார்க்காகத் தெரியும். என்னைவிட நாலு வயது மூத்தவர். வெயிலில் நின்றே கறுத்தவர், கோபம் வந்தால் பேச்சை நிறுத்திவிடுகிறவர். அவர் கதைப் புத்தகம் படிப்பார் என்பது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. எனக்கும் அவருக்கும் நடுவில் இருந்ததே ஒரு கதைதான். 'ஆழிக்கோட்டை' என்ற மாயக் கதை வரிசை. கடலுக்கு அடியில் ஒரு கோட்டை, அதில் சிறைவைக்கப்பட்ட முத்துகள், அவற்றை மீட்க மூச்சடக்கி இறங்கும் வலம்புரியான் என்ற வீரன். தலை நரைக்கத் தொடங்கிய இரண்டு ஆண்கள், இடைவேளையில் டீயை ஆறவிட்டு, கடல் அரசனுக்கு எத்தனை கை என்று சண்டை போட்டிருக்கிறோம். வெட்கப்பட வேண்டிய விஷயம்தான். நாங்கள் பட்டதில்லை.

அவருக்கும் எனக்கும் ஓர் ஒப்பந்தம் உண்டு. புத்தகம் யார் வாங்கினாலும் முதலில் படிப்பது அவர். அவர் முடிக்கும்வரை நான் ஒரு பக்கம்கூடப் புரட்டக் கூடாது. "கடல் எங்க ஊரு. பனங்காட்டுக்காரன் நீ, பொறவுதான்" என்பார். நான் ஓட்டப்பிடாரம் பக்கத்து மளிகைக் கடைக் குடும்பம். எங்கள் வீட்டில் கடலைப் பற்றி யாருக்கும் ஒன்றும் தெரியாது என்பதால் அந்த ஒப்பந்தத்துக்குத் தலையாட்டினேன்.

முதல் பாகம் வந்தபோது அதில் ஒரு தப்பு இருந்தது. வலம்புரியான் இறங்கும்போது படகில் அவனுடைய கயிற்றைப் பிடித்திருப்பவன் அவன் கூடப்பிறந்த தம்பி. அண்ணாச்சி அதைப் படித்துவிட்டு ஒரு நாள் முழுக்கப் பொருமினார். முத்துக் குளித்தாலும் சங்கு குளித்தாலும் இந்தக் கரையில் கயிறு மனைவியின் அண்ணன் தம்பி கையில்தான் இருக்கும். "கூடப்பிறந்தவ தாலி அந்தக் கயித்துல தொங்குதுலே. மச்சான் விடுவானா? அதுக்குத்தான் அவன் கையில கொடுக்காவ" என்று எனக்கு விளக்கினார். அதையே ஒரு தபால் கார்டில் நுணுக்கி எழுதி ஆசிரியருக்குப் போட்டார். "கதை பொய்தாம்ல. அதுக்காவ பொய்யையும் தப்பாச் சொல்லலாமா?" என்றார்.

ஆசிரியர் கடலை நேரில் பார்த்தவர்தானா என்பதே எனக்குச் சந்தேகம். ஆனால் மனுஷன் இரண்டு வரி நன்றி எழுதினார். இரண்டாம் பாகத்தில், ஒரு தபால் கார்டுக்காக, அந்தத் தம்பியைப் போரில் கொன்றேவிட்டார். கயிறு மைத்துனன் கைக்குப் போயிற்று. அண்ணாச்சி அந்தக் கார்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஒரு வாரம் திரிந்தார். அவ்வளவு சந்தோஷமாக நான் அவரைப் பார்த்ததில்லை.

நாலாம் பாகத்தின் கடைசி வரியில் மைத்துனன் கயிற்றை இழுக்கிறான். வெறும் கயிறு வருகிறது. அதோடு தொடரும் என்று போட்டுவிட்டார்கள்.

எனக்கு ஆசிரியர்மேல் கோபம் வந்தது. அண்ணாச்சி முகத்தில் ரத்தமே இல்லை. அப்போதுதான் எனக்குப் புத்தியில் உறைத்தது. பதினோரு வருஷத்துக்கு முன்னால், டாலி கிளார்க்காக வருவதற்கு முன், அவர் சங்குப் படகில் கயிறு பிடித்தவர். அவர் கயிற்றில் இறங்கியவர் தங்கை ரோசம்மாளின் கணவர் மிக்கேல். அவர் மேலே வரவில்லை. "கயிறு சுண்டவே இல்ல" என்றார் அண்ணாச்சி. மூச்சு முட்டினால் கீழே இருப்பவர் கயிற்றைச் சுண்டுவார், மேலே இருப்பவர் இழுக்க வேண்டும். சுண்டவில்லை என்றால் அவர் என்ன செய்வார்? ஊர் அதை நம்பியது. நானும் நம்பினேன்.

மிக்கேலுக்குப் பிறகு ரோசம்மாள் அக்கா திரேஸ்புரத்தில் அண்ணன் வீட்டில்தான் இருந்தார். சோறு ஆக்குவார், தட்டை வைப்பார், பேச மாட்டார். ஒரு வார்த்தை கிடையாது. முன்னறையில் அண்ணாச்சி ஆழிக்கோட்டையை உரக்கப் படித்துக்கொண்டிருப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். "ஏன் அண்ணாச்சி இப்படிச் சத்தமா வாசிக்கீய?" என்று கேலி செய்தேன். "கண்ணால படிச்சா எனக்கு ஏறாதுலே" என்றார். அவர் வாசிக்கும் நேரம் அடுக்களையில் பாத்திரச் சத்தம் நின்றுவிடும் என்பதை நான் வெகுநாள் கழித்துத்தான் கவனித்தேன். ஒரே வீட்டில் அண்ணனிடமிருந்து தங்கைக்குப் போன பேச்சு அது ஒன்றுதான்.

இந்த வருஷத் தொடக்கத்தில் அவருக்கு நெஞ்சில் நீர் கோத்தது. பெரிய டாக்டர் இரண்டாவது தடவை பார்த்துவிட்டு வீட்டுக்குக் கூட்டிப்போகச் சொன்னார். அதற்கு அர்த்தம் எல்லோருக்கும் தெரியும், அவருக்கும். போய்ப் பார்க்கிற என்னிடம் அவர் மருந்து கேட்கவில்லை, பங்குச் சாமியாரைக் கூப்பிடவும் சொல்லவில்லை. "அஞ்சாம் பாகம் வந்துட்டாலே?" என்றார். "வெறுங் கயிறு வந்தது எப்படின்னு தெரியாம நான் போகக் கூடாது" என்றார். இன்னொரு நாள் சொன்னார்: "எறங்குதவன் தைரியத்த எல்லாவனும் எழுதுதான். மேல கயிறு பிடிச்சிருக்கவன் பயத்த எவன் எழுதுதான்? இவரு எழுதுவாரு, பாரு."

ஐந்தாம் பாகம் வெளிவந்துவிட்டது, நம் ஊர்ப் புத்தகக் கடைக்குத்தான் பார்சல் வரவில்லை. லீவு போட்டுவிட்டுத் திருநெல்வேலி போனேன். அங்கே ஒரு கடையில் இருந்த ஒரே பிரதியைக் கையோடு வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். அவருக்கு முன்னால் படிக்கக் கூடாது என்ற ஒப்பந்தம் ஞாபகம் இருந்தது. ஒரு அத்தியாயம் பார்த்தால் என்ன என்று பிரித்தேன். பிறகு நிறுத்த முடியவில்லை. பஸ் தூத்துக்குடி எல்லைக்குள் நுழைகிற நேரம், நான் ஒரு பக்கத்துக்கு வந்தேன். அதில் மைத்துனன் தனியாக உட்கார்ந்து தனக்குத்தானே உண்மையைச் சொல்கிறான். கயிறு சுண்டியது. அவன் கையில் அது தெரிந்தது. கடலிலிருந்து எழுந்த பூதத்தைக் கண்டு கை மரத்துப்போய் இழுக்காமல் நின்றான். கரைக்கு வந்து, சுண்டவே இல்லை என்று எல்லோரிடமும் சொன்னான்.

புத்தகத்தை மூடிப் பைக்குள் திணித்தேன். சாகக் கிடக்கிற மனுஷனிடம் போய், அவர் தபால் கார்டில் சொல்லிக்கொடுத்த மைத்துனனையே துரோகி ஆக்கிவிட்டார்கள் என்று எப்படிப் படித்துக் காட்டுவது? நேரே திரேஸ்புரம் போனேன். "வந்துட்டாலே?" என்றார். "இல்ல அண்ணாச்சி, கிடைக்கல" என்றேன். புத்தகம் என் தோளில் தொங்கிய பைக்குள் இருந்தது.

மறுநாள் சாயங்காலமும் கேட்டார். அதற்கு மறுநாளும் கேட்டார். ஒவ்வொரு நாளும் குரல் குறைந்துகொண்டே வந்தது. நாலாம் நாள் குரல் வரவில்லை, என் பையைப் பார்த்தார், அவ்வளவுதான். நானும் நாலு நாளும் ஏதோ பெரிய உபகாரம் செய்கிறவன் மாதிரி இல்லை இல்லை என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஐந்தாம் நாள் புதன்கிழமை. அவர் மூச்சு விடுவதைப் பார்த்தபோது இனிமேல் தாங்காது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. புத்தகத்தை எடுத்தேன். அவர் கண்ணில் வந்த வெளிச்சத்தை என்னால் சொல்ல முடியாது. காலை பத்து மணியிலிருந்து வாசித்தேன். அடுக்களையில் சத்தம் நின்றது. அந்தப் பக்கம் வந்ததும் நானாக மாற்றினேன். கயிறு பாறையில் உரசி அறுந்தது, மைத்துனன் அழுதான் என்று சொல்லிக்கொண்டே போனேன்.

"ஏலே," என்றார் அண்ணாச்சி. "நீ இப்ப வாசிக்கல, சொல்லுதே."

நான் தலை குனிந்தேன். "அண்ணாச்சி, அது வேண்டாம்" என்றேன். அப்போது ரோசம்மாள் அக்கா அடுக்களையிலிருந்து வந்தார். ஈரக் கையைச் சேலையில் துடைத்தார். என் கையிலிருந்து புத்தகத்தை வாங்கிக் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தார். விரலால் வரியைத் தொட்டுத் தொட்டு, எழுத்துக் கூட்டுகிற மாதிரி நிதானமாக, அந்தப் பக்கத்தை உள்ளது உள்ளபடி வாசித்தார். சுண்டியது, தெரிந்தது, இழுக்கவில்லை, பொய் சொன்னான்.

அண்ணாச்சி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எழுதினவருக்கு எப்படித் தெரிஞ்சிது?" என்றார். பிறகு தங்கையிடம் திரும்பினார். "ஏளா, சுண்டுச்சு. ஒரு தடவ சுண்டுச்சு. காத்துல பீடி பத்தல. கயித்த இடது கைக்கு மாத்திக்கிட்டுப் பத்த வச்சேன். நீரோட்டம்னு நெனச்சேன். மறுபடி சுண்டல."

"தெரியும்," என்றார் அக்கா. "அன்னைக்கி நீ போட்டிருந்த சட்டையில பீடி நெருப்பு சுட்ட ஓட்ட இருந்துச்சு. நாந்தான தொவச்சேன். பதினோரு வருசமா நீ சொல்லுவேன்னு இருந்தேன்."

அண்ணாச்சி அழுதார். அழுவதற்கும் அவருக்கு மூச்சு போதவில்லை. அக்கா அழவில்லை, மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. "வாசிக்கேன், கேளு" என்று அடுத்த பக்கத்தைத் திருப்பினார். மத்தியானம் வரை வாசித்தார். பிறகு அண்ணாச்சிக்கு இருமல் வந்தது, கண் செருகியது. அக்கா தலைமாட்டில் கிடந்த ஒரு துண்டுக் கயிற்றைப் பக்கத்துக்கு அடையாளமாக வைத்தார். அண்ணாச்சி எப்போதும் புத்தகத்தில் வைக்கிற கயிறு அது. மிச்சம் நாற்பது பக்கம். "நாளைக்கி முடிச்சிரலாம்" என்றார் அக்கா. நான் வேலைக்குத் திரும்பினேன். மறுநாள் காலைதான் வாட்ச்மேன் சைக்கிளில் வந்தது.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் அக்கா புத்தகத்தை என்னிடம் கொடுத்தார். அந்த நாற்பது பக்கத்தை அன்றைக்குத்தான் படித்தேன். வலம்புரியான் சாகவில்லை. கயிறு வராது என்று தெரிந்ததும் அவன் அதைத் தானே அவிழ்த்துவிட்டு, கோட்டையின் வேறொரு வாசல் வழியாகக் கரையேறுகிறான். ஊரே மைத்துனனை அடிக்கக் கூடி நிற்கிறது. வலம்புரியான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, நனைந்த கயிற்றை மறுபடி மைத்துனன் கையில் வைக்கிறான். "அடுத்த முறையும் நீயே பிடி" என்கிறான்.

நான் படிக்கக் கூடாததைப் படித்தேன். அதோடு நிறுத்தாமல் இன்னும் நாற்பது பக்கம் படித்திருந்தால் முதல் நாளே ஓடிப்போய்க் கொடுத்திருப்பேன். அவருக்கு அதைக் கேட்க நாலு நாள் இருந்தது. முழுசாக நாலு நாள்.

இதை அக்காவிடம் போய்ச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன். அவர் முறத்தில் அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தார். "கதையில வாரான்," என்றார். "எனக்கு வரலியே." ஒரு கல்லைப் பொறுக்கி எறிந்தார். "பெட்டி மூடுததுக்கு முன்னால எல்லாரையும் வெளிய போகச் சொல்லிட்டு, அந்த நாப்பது பக்கத்தையும் அண்ணன்கிட்ட வாசிச்சேன். சத்தமாத்தான் வாசிச்சேன். கேட்டிருப்பானா தம்பி?"

நான் முறத்துக்கு எதிரே உட்கார்ந்து அவரோடு கல் பொறுக்கினேன்.

அவருடைய ஞாபகமாக என்ன வைத்திருக்கிறாய் என்று நண்பர்கள் கேட்கிறார்கள். ஆசிரியர் எழுதிய இரண்டு வரிக் கார்டு அவரோடு பெட்டிக்குள் போயிற்று. புத்தகத்தை அக்காவிடமே திருப்பிக் கொடுத்தேன். பக்க அடையாளமாக இருந்த அந்தத் துண்டுக் கயிறு மட்டும் என் சட்டைப் பையில் இருக்கிறது. நாலு நாள் சாயங்காலம் சவரி அண்ணாச்சி என்னிடம் "வந்துட்டாலே" என்று வாயாலும் கண்ணாலும் கேட்டார். அந்த நாலு நாளும் கயிறு என் கையில்தான் இருந்தது. அவர் சுண்டினார். நான் இழுக்கவில்லை.