மூன்றாவது கிளிப்

அந்த வீட்டில் ஹீட்டர், தண்ணீர் மோட்டார், அயர்ன் பாக்ஸ் மூன்றும் ஒன்றாக ஓடினால் மெயின் ட்ரிப் ஆகிவிடும். மற்றவர்களுக்கு அது ஒரு நிமிடத் தொல்லை. எம்பிராய்டரி மெஷின் வைத்துப் பிழைப்பவளுக்கு அப்படியில்லை. பாதியில் நின்ற ஊசி நூலளவு தள்ளி இறங்கினாலும் துணி போச்சு.

கையேட்டின் படங்களைப் பார்த்தே மெஷினைப் பழகியவள் அவள். ட்ரிப்புக்கும் தானே வழி கண்டாள். மெயின் பெட்டியில் இரண்டு துணி கிளிப்புகளை மாட்டினாள். மூன்றில் எதைப் போடுவதானாலும் ஒரு கிளிப்பை எடுத்து அதன் சுவிட்சருகே மாட்ட வேண்டும். கிளிப் இல்லையா, காத்திரு. நான்கு வருடமாக அவளும் மகளும் இதில் பிசகியதில்லை.

பிறகு கணவர் பஸ் கண்டக்டர் வேலையிலிருந்து ரிட்டயராகி வீட்டோடு வந்துசேர்ந்தார்.

அன்று ஓர் ஆஸ்பத்திரியின் நாற்பது வெள்ளைக் கோட்டுகளில் பெயர் தைத்துக்கொண்டிருந்தாள். உபரியாக ஒன்றுகூடக் கிடையாது. நான்கு மணிக்கு ஆள் வருவார். ஒன்று கெட்டாலும் அடுத்த ஆர்டர் வேறு கடைக்கு. நாற்பதாவது கோட்டில், கடைசி எழுத்தில் மெஷின் நின்றது.

கூடத்தில் கணவர் அயர்ன் பாக்ஸோடு நின்றார். அதன் சுவிட்சருகே ஒரு கிளிப்பும் மாட்டியிருந்தது. முடிந்த கோட்டுகளைத் தேய்த்து உதவலாமென்ற நல்லெண்ணம்.

“மோட்டாருக்கு ஒண்ணு, ஹீட்டருக்கு ஒண்ணு போயாச்சு. உங்களுக்கு ஏதுங்க கிளிப்?”

“கொடியில முப்பது தொங்குது. கிளிப்புக்கா பஞ்சம்?”

“அப்பா! தலை பூரா நுரை, பச்சத்தண்ணி ஊத்துது!” என்று குளியலறையிலிருந்து மகள் கத்தினாள்.

“ஏங்க, சீட் இல்லாத பஸ்ல டிக்கெட் குடுப்பீங்களா?”

“குடுத்திருக்கேனே. நின்னுக்கிட்டு வருவாங்க.”

“இங்க நிக்க இடமில்லீங்க!”

என்ன ஆயிற்றென்று பார்க்க அவர் மெஷினிலிருந்து கோட்டை உருவப் போனார்.

“கை வைக்காதீங்க!”

துணியை இறுக்கிப் பிடித்திருக்கும் சட்டத்திலிருந்து கழற்றினால் பழைய இடம் திரும்பக் கிடைக்காது. அயர்னை அணைக்கச் சொல்லிவிட்டு மெயினைப் போட்டாள். பத்துத் தையல் பின்னுக்கு நகர்த்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு பட்டனை அழுத்தினாள். நூல்மேல் நூல் விழுந்தது. எழுத்தின் கால் மட்டும் மயிரிழை தடித்தது.

அந்தக் கோட்டை அவள் அடியில் ஒளிக்கவில்லை. கட்டின் மேலே வைத்துக் காட்டினாள். வந்தவர் கண்ணருகே பிடித்துப் பார்த்தார்.

“எந்த எழுத்துன்னு நீங்களே சொல்லுங்கம்மா.”

சொன்னாள். அதற்கப்புறமும் அவருக்குத் தெரியவில்லை. நாற்பதையும் எடுத்துக்கொண்டு, அடுத்த மாதம் அறுபது என்றார்.

அவர் போனதும் கணவர் கிளிப்புகளைக் கொடிக்கே அனுப்பிவிட்டு, மெயின் பெட்டியில் தம் பழைய விசிலையும் பேட்ஜையும் மாட்டினார்.

“இது ரெண்டும் கொடியில காய்க்காது,” என்றார்.