பன்னிரண்டு படத்திலும் நின்றவர்

பங்களாதேஷ் சண்டை முடிந்த அடுத்த வருஷம். செங்கல்பட்டு மைதானத்தில் ஒரு சண்டை ஹெலிகாப்டரைக் கொண்டுவந்து ஒரு நாள் மக்கள் பார்வைக்கு வைத்தார்கள். நான் அப்போது அங்கே சின்னதாக ஒரு போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தேன்.

பக்கத்து வீட்டு சிநேகிதர் ஒரு தொழிற்கூடத்தில் மரவேலை சொல்லிக் கொடுப்பவர். தற்காலிக வேலை. அதே ஹெலிகாப்டரை இருபதில் ஒரு பங்காக மரத்தில் செய்து காட்டச் சொல்லியிருந்தார்கள். அளவு சரியாக வந்தால் வேலை நிரந்தரம். பிசகினால் வேலை கிடையாது. அவரிடம் ஒரு வெளிநாட்டுப் படப் புத்தகம் இருந்தது. படமெல்லாம் பளபளவென்று இருக்கும். எது எத்தனை அடி என்று மட்டும் இருக்காது. பாதிப் படம் வானத்தில் பறப்பது. அதை வைத்து என்ன அளப்பது?

மைதானத்தில் டேப்பை வெளியே எடுத்ததுமே காவல் சிப்பாய் அவரை வெளியே அனுப்பிவிட்டார். பார்க்கலாம், படம் எடுக்கலாம். தொடக்கூடாது, அளக்கக்கூடாது.

"மச்சான், நீ போய் மூக்குலேர்ந்து வால் வரைக்கும் எடுத்தாந்துடு. ஆள் எவனும் குறுக்க வரக்கூடாது. அளவு நான் கண்ணுலயே பாத்துக்கறேன்" என்றார் சிநேகிதர்.

என் பிலிமில் பன்னிரண்டு படம்தான். கேமராவைத் தூக்கினேன். சலவைச் சட்டை போட்ட ஒருவர் வந்து ஹெலிகாப்டரை ஒட்டி விறைப்பாக நின்றார்.

"அண்ணாத்த, தள்ளிக்கோ."

"தள்ளிக்கினா யாரப் புடிப்ப? இதுக்கு இன்னா, கண்ணு மூக்கா கீது?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சக்கரத்துப் பக்கம் போனேன். அங்கேயும் வந்தார். குண்டுக் குழாய்ப் பக்கம் போனேன். அங்கேயும் வந்தார். கெஞ்சினேன். திட்டினேன். காத்திருந்தேன். அவரும் காத்திருந்தார். மூடப்போகிறோம் என்று சிப்பாய் விசில் ஊதினார். வேறு வழியில்லை, எடுத்துத் தீர்த்தேன்.

"சதுரங்கப்பட்டினம், கோட்டைக்குப் பின்னால வந்து கேளு நைனா. படத்தக் குடுக்காம வுட்டுறாத" என்று சொல்லிவிட்டுப் போனார். பல்லைக் கடித்துக்கொண்டேன்.

கழுவிப் பார்த்தால் பன்னிரண்டிலும் அவர்தான். சிநேகிதரிடம் கொடுக்கவே கூசியது. அவர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். கடைசியில், "இந்த ஆளு எந்த ஊரு?" என்றார்.

மறுநாளே டேப்போடு சதுரங்கப்பட்டினம் போனோம். வலை பின்னிக்கொண்டிருந்தவரை எழுப்பிச் சுவரோரம் நிறுத்தினார் சிநேகிதர். உச்சந்தலை, தோள், முட்டி எல்லாம் அளந்தார்.

"இன்னாத்துக்கு அளக்கற? சொக்கா தெச்சுக் குடுக்கப் போறியா?"

"உன்ன வெச்சு ஹெலிகாப்டர அளக்கப் போறேன் அண்ணாத்த."

"மீனுக்குத்தான் வெல சொல்லுவேன், இதுக்கு இன்னா சொல்றது?" என்று சிரித்தார். ஐந்தடி நாலு அங்குலம். படத்தில் அவர் உயரத்தை வைத்துக் கதவு, சக்கரம், குழாய் எல்லாவற்றுக்கும் சிநேகிதர் கணக்குப் போட்டார். பக்கத்தில் ஆள் நிற்காமல் இருந்திருந்தால் அந்தக் கணக்கே கிடையாது.

இரண்டு மாதம் கழித்து அளவு தெரிந்த அதிகாரி ஒருவர் வந்து ஸ்கேல் வைத்துப் பார்த்தார். எல்லாம் சரி, வால் மட்டும் இரண்டு நூல், அதாவது கால் அங்குலம் குறைவு, திருத்திக் கொண்டுவா என்றார். வால் படத்தை எடுத்துப் பார்த்தோம். எடுப்பாகத் தெரிய வேண்டும் என்று அந்த மனிதர் குதிகாலைத் தூக்கி நின்றிருக்கிறார். சிநேகிதர் தலையில் அடித்துக்கொண்டார். வாலைத் திருத்தினார். வேலை நிரந்தரமானது.

இன்றைக்கும் படத்துக்குக் குறுக்கே ஆள் வந்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. ஆனால் அன்று அவர் என் பேச்சைக் கேட்டு நகர்ந்திருந்தால் சிநேகிதர் வீட்டில் உலை கொதித்திருக்காது என்ற நினைப்பும் கூடவே வந்துவிடுவதால், வாயை மூடிக்கொண்டு படத்தை எடுத்துவிடுகிறேன்.