ஷோகேஸில் ஒரு முகமூடி

சிங்கப்பூரில் நான் வேலை செய்யும் கப்பல் தளத்தில், காலையில் முதலில் பார்ப்பது என் முகவாயைத்தான். ஒரு நாள் தாடி முளைத்திருந்தாலும் சேஃப்டி ஆபீசர் உள்ளே விடமாட்டார். முடி இருந்தால் புகையை வடிகட்டும் முகமூடி தோலோடு ஒட்டாதாம், இடுக்கில் புகை நுழையுமாம். வந்த புதிதில், "வெல்டிங்குக்கா, கல்யாணத்துக்கா சார்?" என்று தமிழில் கேட்டேன். தமிழ் தெரியாத மனுஷன், எனக்கு ஏதோ உடம்புக்கு முடியவில்லை என்று நினைத்துக் கிளினிக்குக்கு அனுப்பிவிட்டார்.

ராஜகீழ்ப்பாக்கத்தில் அக்கா புருஷனின் கிரில் பட்டறையில் பதினோரு வருடம் வெல்டிங் வைத்தவன் நான். அங்கே பாதுகாப்பு என்பது ஒரு கைக்குட்டையும் அரை லிட்டர் பாலும்தான். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. பைப்பில் வெல்டிங் வைத்தால் வெள்ளைப் புகை கிளம்பும்; சாயங்காலம் குளிர்காய்ச்சல் தூக்கிப் போடும். "பால் குடிச்சா பொகை எறங்கிடும்" என்பார் மாமா. பால் போவது வயிற்றுக்கு, புகை போவது நெஞ்சுக்கு. இரண்டும் எந்த முச்சந்தியில் சந்திக்கும் என்று ஒருவனும் கேட்டதில்லை. நானும்தான் மடமடவென்று குடித்தேன்.

போன விடுமுறைக்கு வந்தபோது, பட்டறைக்கு மேலே இருக்கும் வீட்டுக்கு ஏறுகையில் மாமா பாதிப் படியில் நின்று மூச்சு வாங்கினார். வயது நாற்பத்தைந்துதான். சிங்கப்பூரிலிருந்து அவருக்காகக் கொண்டுவந்த முகமூடியை அப்போதே கொடுத்தேன். மறுநாள் பார்த்தால் அது ஷோகேஸில், சென்ட் பாட்டிலுக்குப் பக்கத்தில், பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் கொலுவிருக்கிறது! ஃபாரின் பொருள் என்றால் கண்ணாடிக்குள் வைத்து அழகு பார்க்க மட்டும்தான் தெரியும் இந்த ஜனங்களுக்கு.

"தூசி பட்டா பாழாப் பூடும்டா" என்றாள் அக்கா.

"இத்த மாட்டிகினு நின்னா கஸ்டமர் இன்னா நெனைப்பான்? எனக்கு ஏதோ சீக்குன்னுதான்" என்றார் மாமா.

"படி ஏற முடியல, கஸ்டமர் ஒரு கேடா? மொதல்ல தாடிய எடு மாமா."

"போய் ரெண்டு வருசம் ஆவல, அதுக்குள்ள எங்க மூஞ்சி புடிக்கலியா மச்சான்?"

ஞாயிற்றுக்கிழமை, மேடவாக்கம் அடுக்குமாடி ஒன்றுக்காகப் பட்டறையில் ஜி.ஐ. கேட் வேலை. ஆள் வரவில்லை என்று என்னைக் கூப்பிட்டார். புகை கிளம்பியதுமே எனக்கு இருமல் பிய்த்துக்கொண்டு வந்தது. மாமா வேலையைப் போட்டுவிட்டு, மூச்சிரைக்கப் படியேறிப் போய், முகமூடியை எடுத்துவந்து உறையைக் கிழித்து என் கையில் திணித்தார்.

"நீ மாட்டிக்க மச்சான். ஒனக்கு இனிமே நம்ம பொகை ஒத்துக்காது."

திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும். இத்தனை ஏளனம் பேசிய நான், வெட்கமில்லாமல் மாட்டிக்கொண்டேன். ஒரே கேட்டுக்கு இருபுறமும் நின்று வெல்டிங் வைத்தோம். மாமா கைக்குட்டைக்குள் இருமிக்கொண்டிருந்தார். நான் ராஜகீழ்ப்பாக்கத்தில் நின்றுகொண்டு சிங்கப்பூர்க் காற்றை இழுத்துக்கொண்டிருந்தேன்.